மொட்டை மாடிக்கும் பால்கனிக்கும் குறைந்த செலவில் தரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்தில் வீடு கட்டும் வேலைகளை மேற்பார்வை செய்து வருகிறேன். வீட்டுக்குள் போடும் தரையைப் பற்றி மக்கள் பத்துக் கடை ஏறி இறங்கி முடிவு செய்துவிடுகிறார்கள். மாடித் தரை என்று வரும்போது கையில் பணமும் பொறுமையும் தீர்ந்திருக்கும், அப்போதுதான் என்னிடம் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை வரிசைப்படுத்தி, எனக்குத் தெரிந்த விடைகளை எழுதியிருக்கிறேன்.

1. கூரை கான்கிரீட்தானே, அப்படியே விட்டா என்ன? மாடிக்குத் தனியா தரை வேணுமா?

வேண்டும். திறந்த கான்கிரீட் பகலில் வெயிலில் விரிந்து, இரவில் சுருங்குகிறது. இந்த அசைவு ஒவ்வொரு நாளும் நடப்பதால் சில ஆண்டுகளில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். அவற்றின் வழியாக இறங்கும் மழைநீர் உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, கீழே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உதிர்க்கும். கீழ்த்தளத்தில் படுத்திருப்பவர் மீது பூச்சு பெயர்ந்து விழுவது பெரும்பாலும் இந்தக் கதையின் கடைசிக் கட்டம்.

ஆகவே மாடித் தரைக்கு இரண்டு வேலைகள் உண்டு: தண்ணீரைத் தேங்கவிடாமல் வெளியேற்றுவது, வெயில் நேராகக் கான்கிரீட்டில் படாமல் தடுப்பது. மேலே கூரை உள்ள பால்கனிக்கு இரண்டாவது வேலை குறைவு. ஆனால் சாரல் அடிக்கும் என்பதால் முதல் வேலை அதற்கும் உண்டு.

2. இருக்கறதிலேயே சீப்பா எது?

ரூபாய்க் கணக்கு எழுதினால் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும். ஊருக்கு ஊர் கூலியும் மாறும். வரிசையை மட்டும் சொல்கிறேன். மிகக் குறைவு, சுண்ணாம்பு அடிப்பது. அடுத்து வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு. அதற்கு மேல் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு கொடுத்துச் சிமென்ட் தளம் போடுவது. அதற்கும் மேல் தட்டோடு (சுட்ட களிமண் ஓடு), கூலிங் டைல்ஸ் (வெயிலைத் திருப்பும் வெள்ளை டைல்ஸ்), கல் ஆகியவை. முதல் இரண்டும் தரை அல்ல, மேற்பூச்சு மட்டுமே. ஏற்கெனவே வாட்டம் சரியாக இருந்து, வெடிப்பு இல்லாத மாடிக்குத்தான் அவை பொருந்தும்.

விலை கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'சதுர அடி இவ்வளவு' என்று கடைக்காரர் சொல்வது ஓட்டின் விலை மட்டுமே. கலவை, கொத்தனார் சித்தாள் கூலி, மாடிக்குத் தூக்கும் கூலி, கைப்பிடிச் சுவர் ஓரப்பூச்சு, ஓட்டிடுக்கை அடைக்கும் பாயின்டிங் ஆகிய அனைத்தும் தனி. இரண்டாம் மாடிக்கு மேல் என்றால் தூக்குக்கூலியே திகைக்க வைக்கும். எல்லாம் சேர்த்து ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு என்ன ஆகும் என்று எழுதி வாங்கிக்கொண்டு ஒப்பிட்டால்தான் எது மலிவு என்று தெரியும்.

3. வாட்டம் வாட்டம்னு கொத்தனார் சொல்றாரே, எவ்வளவு வேணும்?

வாட்டம் என்பது தண்ணீர் குழாயை நோக்கி ஓடுவதற்கான சரிவு. நூறுக்கு ஒன்று என்பது குறைந்தபட்ச அளவு. பத்து அடி நீளத்துக்கு ஒன்றேகால் அங்குல இறக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். 30 அடி நீள மாடியில் ஒரே மூலையில் மட்டும் குழாய் இருந்தால், எதிர்மூலையில் தளம் ஏறக்குறைய மூன்றரை அங்குலம் கூடுதலாக உயர வேண்டும். அத்தனை கலவையும் செலவு, அத்தனையும் எடை. நடுவில் மேடு வைத்து இரண்டு பக்கமும் குழாய் கொடுத்தால் இந்த உயரம் பாதியாகிவிடும். ஒரு குழாயின் விலை அதில் மிச்சமாகும் கலவையின் விலையைவிட நிச்சயம் குறைவு. ஆனாலும் கட்டும்போது இதை யோசிப்பவர்கள் குறைவு.

ஓடு பதிப்பதற்கு முன்பே வாட்டத்தைச் சோதித்துவிட வேண்டும். மேட்டுப் பக்கத்தில் நான்கு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து மேலே போய்ப் பாருங்கள். எங்காவது ஒரு ரூபாய் நாணயம் முழுகும் அளவு தண்ணீர் நின்றால், அந்த இடத்தைக் கரித்துண்டால் வட்டமிட்டுக் கொத்தனாரிடம் காட்டுங்கள். அந்தப் பள்ளத்தை ஓட்டுக்கு அடியில் சரிசெய்துவிடலாம் என்று அவர் சொல்வார். முதலில் சரிசெய்யச் சொல்லுங்கள், பிறகு ஓடு பதிக்கச் சொல்லுங்கள்.

4. சுர்க்கி போடறதுன்னா என்ன? இப்பவும் போடறாங்களா?

நம் பக்கத்தில் 'சுர்க்கி' என்று பேச்சில் சொல்வது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தைத்தான்; உண்மையில் சுர்க்கி என்பது செங்கல் பொடியின் பெயர், அது தளத்துக்கும் ஒட்டிக்கொண்டது. பொதுப்பணித் துறை கணக்கில் 20 மி.மீ. செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு, மணல் கிடையாது. சராசரியாக மூன்று அங்குலக் கனத்தில் இதைப் பரப்பி, வாட்டம் கொடுத்து, மேலே தட்டோடு பதிப்பது வழக்கம். ஜல்லிக்குள் இருக்கும் காற்றிடுக்குகள் வெப்பத்தை எளிதில் கீழே விடாது என்பதும், சுண்ணாம்பு கொஞ்சம் வளைந்துகொடுக்கும் என்பதும் இதன் பலம்.

பழைய முறையில் இதைப் போடுவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கையில் மரத்தட்டுக்கட்டையுடன், ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டே பின்னோக்கி நகர்வார்கள். கடுக்காய் ஊறிய நீரில் வெல்லம் கரைத்து நடுநடுவே தெளிப்பார்கள். ஜல்லி அடங்கி, சுண்ணாம்புப் பால் மேலே கசிந்து, கட்டை மேலெழும்பித் துள்ளும்வரை தட்டு நடக்கும். ஒரு மாடிக்குச் சில நாள்கள் பிடிக்கும்.

இன்று போடுவதில் பாதி இந்தத் தளமே அல்ல. சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட் சேர்த்து, தட்டாமல் மட்டக்கோலால் இழுத்துவிட்டு, அதையும் சுர்க்கி என்றே சொல்கிறார்கள். சரியாகத் தட்டாத ஜல்லித் தளம் ஒரு பஞ்சு. ஓட்டிடுக்கு வழியாக இறங்கும் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்று பத்து நாள் ஆன பிறகும் கீழே சொட்டும். தட்டிப் போட ஆளும் நாளும் கிடைத்தால் போடுங்கள். கிடைக்காவிட்டால், கான்கிரீட்டின் மேல் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்து, வாட்டத்துடன் சிமென்ட் தளம் போட்டு ஓடு பதிப்பதே நேர்மையான வழி.

5. தட்டோடு நல்லதா, கூலிங் டைல்ஸ் நல்லதா?

தட்டோடு என்பது அச்சில் அழுத்திச் சூளையில் சுட்ட களிமண் ஓடு. வழக்கமான அளவு 9 அங்குலச் சதுரம், கனம் முக்கால் அங்குலம். காலில் வழுக்காது. உறிஞ்சிய ஈரத்தை மெல்ல வெளியே விடுவதால் கோடை மாலையில் தண்ணீர் தெளித்தால் உடனே தணியும். குறை என்னவென்றால் பாசி பிடிக்கும், சில ஆண்டுகளில் கறுக்கும், ஓட்டிடுக்கை அவ்வப்போது மீண்டும் அடைக்க வேண்டும். கூலிங் டைல்ஸ் வெள்ளை மேற்பரப்பால் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. புதிதாக இருக்கும்போது கீழ் அறையில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் அதன் வேலை முழுவதும் வெள்ளை நிறத்தில்தான் இருக்கிறது. தூசி படிந்தால் பலன் குறையும், கழுவ வேண்டும்.

என் எண்ணம் இதுதான்: மாடியில் துணி காயப் போடுவது, வற்றல் வடாம் இடுவது, மாலையில் உட்காருவது என்று நடமாட்டம் உள்ள வீட்டுக்குத் தட்டோடு. யாரும் அதிகம் ஏறாத, கீழே படுக்கையறை இருக்கும் மாடிக்குக் கூலிங் டைல்ஸ். நண்பகலில் வெள்ளைத் தரையில் கண் கூசும் என்பதை வாங்கிய பிறகுதான் பலர் உணர்கிறார்கள்.

6. எத்தனை ஓடு வாங்கணும்? பார்த்து வாங்கறது எப்படி?

9 அங்குலத் தட்டோடு இடைவெளியின்றி அடுக்கினால் 100 சதுர அடிக்கு 178 பிடிக்கும். பாயின்டிங் இடைவெளி விட்டுப் பதிக்கும்போது எண்ணிக்கை சற்றுக் குறையும், உடைசலும் ஓர வெட்டும் அதை ஈடுகட்டிவிடும். ஆகவே சதுரத்துக்கு 180 என்று வாங்கினால் சரியாக இருக்கும். ஓரடிச் சதுர டைல்ஸ் என்றால் நூறும், ஓர வெட்டுக்கும் உடைசலுக்கும் என்று ஐந்தாறும்.

தட்டோட்டை விரல்நுனியில் தொங்கவிட்டு நாணயத்தால் தட்டினால் வெண்கலம்போல் 'டிங்' என்று ஒலிக்க வேண்டும். 'டப்' என்று அடங்கிய ஓசை வந்தால் சரியாக வேகாதது அல்லது உள்ளே கீறல் உள்ளது. இரண்டு ஓடுகளை முகத்தோடு முகம் சேர்த்துப் பாருங்கள். நான்கு மூலையும் படியாவிட்டால் வளைந்த ஓடு, அதில் தண்ணீர் நிற்கும். பதிக்கும் முன் ஓடுகளைத் தொட்டியில் நன்றாக ஊறவைக்க வேண்டும். ஊறாத ஓடு கலவையில் உள்ள நீரை உறிஞ்சிவிடும், கலவை பிடிக்காமல் பொடியாகும்.

7. வீட்டுக்குள்ள போட்ட டைல்ஸ் நாலு பெட்டி மிச்சம் இருக்கு, பால்கனில போட்டுடலாமா?

பெட்டியின் பக்கத்தில் அச்சிட்டிருப்பதை முதலில் படியுங்கள். சுவர் டைல்ஸ் என்றால் கூடாது. அது மெலிந்தது, நீரை அதிகம் உறிஞ்சும், மிதித்தால் கீறல் விடும். பளபளப்பான விட்ரிஃபைட் டைல்ஸ் நீரை உறிஞ்சாது, அதன் நீருறிஞ்சல் அரை சதவீதத்துக்கும் கீழ். ஆனால் ஈரமானால் எண்ணெய் கொட்டியதுபோல் வழுக்கும். சொரசொரப்பான மேட் வகையாக இருந்தால் தாராளமாகப் போடலாம். வழுக்கலுக்கு 'ஆர்' என்ற எழுத்துடன் ஓர் எண் குறித்திருப்பார்கள். மழையில் நனையும் தரைக்கு ஆர் 11 இருந்தால் நல்லது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

8. கடப்பா கல் ரொம்ப சீப்பா கிடைக்குது, மாடிக்கு ஆகுமா?

கூரையுள்ள பால்கனிக்கு ஆகும். திறந்த மாடிக்கு வேண்டாம். கறுப்புக் கல் வெயிலை முழுவதும் வாங்கிக்கொள்ளும். பங்குனி பிறந்துவிட்டால் பதினோரு மணிக்கு மேல் அதில் செருப்பில்லாமல் நிற்க முடியாது, சேர்த்த சூட்டை இரவு முழுவதும் கீழே விட்டுக்கொண்டிருக்கும். ஓர் அங்குலக் கல் சதுர அடிக்கு ஆறு கிலோவுக்கு மேல் எடை என்பது இன்னொன்று.

சாம்பல் நிற ஷாபாத், தாண்டூர் கற்கள் சூட்டில் சற்றுப் பரவாயில்லை. எந்தக் கல்லானாலும் மெருகு ஏற்றாததை வாங்குங்கள். இவை எல்லாம் சுண்ணாம்புக் கல் இனம் என்பதால் குளியலறை கழுவும் ஆசிட்டை ஊற்றினால் மேற்பரப்பு அரித்துவிடும்.

9. ரெட் ஆக்சைடு, ஆத்தங்குடிக் கல் மாதிரி அழகா மாடியில போடலாமா?

சிமென்டில் சிவப்புப் பொடி கலந்து பூசும் ரெட் ஆக்சைடு தரை நிழலுள்ள பால்கனியிலும் திண்ணையிலும் நன்றாக இருக்கும், செலவும் குறைவு. ஆனால் தேய்த்து மெருகேற்றத் தெரிந்த கொத்தனார் வேண்டும். திறந்த வெயிலில் அது வெடித்து வெளுத்துப்போகும். ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மேல் வார்த்தெடுக்கும் சிமென்ட் கல், சூளையில் சுடாதது. காலடி பட்டு, எண்ணெய் தடவித் துடைத்து, வீட்டுக்குள் மெருகேற வேண்டிய பொருளை மழையில் வைத்துக் கறைபடுத்துவதில் பொருள் இல்லை.

10. உடைஞ்ச டைல்ஸ் ஒட்டினா செலவே இல்லையாமே?

பொருளுக்குச் செலவு மிகக் குறைவு என்பது உண்மை. டைல்ஸ் கடைகளிலும் வேலை நடக்கும் இடங்களிலும் உடைசல் கிடைக்கும். தூக்கிப்போகச் சொல்லி மகிழ்ச்சியாகக் கொடுப்பார்கள். வெள்ளைத் துண்டுகளாகப் பொறுக்கி ஒட்டினால் கூலிங் டைல்ஸ் செய்யும் வேலையில் பெரும்பகுதியை அது செய்யும். துண்டுகள் சிறியவை என்பதால் மேடு பள்ளமான வாட்டத்துக்கு நன்றாக வளைந்து கொடுக்கும், மூலைகளில் உருட்டிப் பூசவும் வசதி.

கூலிதான் இதில் செலவு. ஒரு சதுரத்தில் ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கையால் பதிக்க வேண்டும். விடுமுறையில் வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து ஒரு பால்கனியை முடிக்கலாம். முழு மாடியையும் கொத்தனார் வைத்துச் செய்தால் புது ஓட்டின் செலவை எட்டிவிடும். வேலை முடிந்ததும் வெறுங்காலில் நடக்கும் முன், பழந்துணியால் ஒருமுறை முழுத்தரையையும் துடைத்துப் பாருங்கள். துணியில் நூல் இழுக்கும் இடமெல்லாம் காலையும் கிழிக்கும் இடம், அங்கே உரசுகல் போட வேண்டும்.

11. சுண்ணாம்பு அடிச்சா சூடு குறையும்கறாங்க, நிஜமா?

நிஜம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்புகிறது. ஐந்தாவது விடையில் சொன்ன அதே காரணம்தான். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, பசை கலந்து, மாசிக் கடைசியில் இரண்டு கை அடித்தால் கோடை முழுவதும் தாங்கும். பெருமழையில் கரைந்து போய்விடும், அடுத்த ஆண்டு மறுபடியும் அடிக்க வேண்டும். டப்பாவில் விற்கும் வெள்ளைப் பூச்சு சில ஆண்டுகள் தாங்கும். அதிலும் தூசி படிந்த அளவுக்குப் பலன் குறையும்.

தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்பதால் மாடித் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். புழங்கும் தொட்டிக்குப் போவதாக இருந்தால் முதல் இரண்டு மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும். வற்றல் காயப் போடுகிறவர்கள் பூச்சடித்த தரையில் நேரடியாகப் போடாமல் பாயோ வேட்டியோ விரித்துக்கொள்ளவும்.

12. வாடகை வீட்டு பால்கனி. ஒட்டாம, எடுத்துட்டுப் போற மாதிரி ஏதாவது இருக்கா?

ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் அல்லது மரக்கட்டை முகம் வைத்த மாட்டல் டைல்ஸ் இருக்கின்றன. அடியில் கால்கள் இருப்பதால் தண்ணீர் கீழே ஓடிவிடும். ஒன்றோடொன்று கையாலேயே மாட்டிக்கொள்ளலாம். மாதத்துக்கு ஒருமுறை கழற்றி அடியில் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் முடியும் இலையும் சேர்ந்து குழாயை அடைத்து, நின்ற தண்ணீரில் கொசு முட்டையிடும். மேற்குப் பார்த்த பால்கனியில் மலிவான பிளாஸ்டிக் இரண்டு கோடையில் நொறுங்கிவிடுகிறது.

செயற்கைப் புல் விரிப்பு படத்தில் அழகாக இருக்கும். வெயில் படும் இடத்தில் அது சிமென்ட் தரையைவிடவும் அதிகம் சுடும், மழைக்குப் பின் நாற்றமடிக்கும். நிழலில் மட்டும், சிறு துண்டாக, சுருட்டி எடுக்கக்கூடியபடி போட்டுக்கொள்ளுங்கள்.

13. பால்கனில பழைய டைல்ஸை உடைக்காம மேலேயே புதுசு ஒட்டலாமா?

பழைய டைல்ஸ் முழுவதையும் கட்டைவிரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். எல்லாம் கெட்டியான ஓசை தந்தால், மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, டைல்ஸ் பசை கொண்டு ஒட்டலாம்; சாதாரணச் சிமென்ட் கலவை பளபளப்பின் மேல் பிடிக்காது. ஆங்காங்கே பொள்ளலாக ஒலித்தால் உடைத்தே ஆக வேண்டும்.

மூன்று உயரங்களை அதற்கு முன் அளந்துவிடுங்கள். பால்கனித் தரை அறைத்தரையைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாரல் தண்ணீர் உள்ளே வரும். கதவு திறக்க இடம் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்: தரை உயர்ந்த அளவுக்குக் கைப்பிடி தாழ்ந்துவிடுகிறது. முடிந்த தரையிலிருந்து கைப்பிடி ஒரு மீட்டராவது, அதாவது மூன்றேகால் அடிக்குச் சற்று மேலாவது இருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதி. குழந்தைகள் உள்ள வீட்டில் இரண்டு அங்குலமும் பெரிய விஷயம்.

14. இத்தனையும் மேலே ஏத்தினா எடை தாங்குமா?

சிமென்ட் கலவை ஓர் அங்குலக் கனத்துக்குச் சதுர அடிக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ. செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம் மூன்று அங்குலத்துக்குப் பதின்மூன்று கிலோ அளவு. தட்டோடு மூன்றரை கிலோ, சாதாரண டைல்ஸ் இரண்டு கிலோ. ஆள்கள் நடமாடும் மொட்டை மாடியில் மனிதர்களுக்கும் பொருள்களுக்கும் என்று வடிவமைப்பில் வைக்கும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ, சதுர அடிக்குப் பதினான்கு. இரண்டையும் அருகில் வைத்துப் பார்த்தால், 'இன்னும் ஒரு மூணு அங்குலம் ஏத்திடலாம் சார்' என்பது எவ்வளவு பெரிய சொல் என்று புரியும்.

புது வீட்டில் தளத்தின் எடையைப் பொறியாளர் முன்பே கணக்கில் சேர்த்திருப்பார். சிக்கல் பழைய வீட்டில்தான். ஏற்கெனவே இருக்கும் சுர்க்கியை எடுக்காமல் அதன் மேல் புதிதாக இன்னொரு தளமும் ஓடும் போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒற்றைப் பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள, வெளியே நீட்டிய பால்கனியில் இதைச் செய்வது இன்னும் தவறு. எடுத்துவிட்டுப் போடுங்கள், இல்லையேல் பூச்சோடு நிறுத்துங்கள்.

15. போன கோடையில டைல்ஸ் நடுவுல கூடாரம் மாதிரி எழும்பிடுச்சு. ஏன்?

விரிவதற்கு இடம் விடவில்லை. டைல்ஸை ஒன்றோடொன்று முட்டவைத்து, நான்கு பக்கமும் கைப்பிடிச் சுவரோடு இறுக்கிப் பூசிவிட்டால், கத்திரி வெயிலில் விரியும் டைல்ஸுக்குப் போக வழி மேலே மட்டும்தான். சில நேரம் துப்பாக்கி வெடித்ததுபோல் ஓசையுடன் எழும்பும். ஒரு வீட்டில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இது நடந்து, மாடியில் யாரோ குதித்துவிட்டார்கள் என்று எல்லாரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். அந்த வேலையை மேற்பார்வை பார்த்தவன் நான்தான். ஓர இடைவெளி அசிங்கமாக இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு அடைக்கச் சொல்லியிருந்தேன்.

டைல்ஸுக்கு இடையே குறைந்தது 3 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளி விடுவதற்கு வைக்கும் சிறு துண்டு), சுவரோரம் கால் அங்குலம், பத்தடிக்கு ஒரு முறை குறுக்கும் நெடுக்கும் ஒரு விரிவு இடைவெளி. இந்த ஓர இடைவெளியையும் விரிவு இடைவெளியையும் சிமென்டால் அடைக்காமல், ரப்பர்போல் நெகிழும் அடைப்பானால் அடைக்க வேண்டும். எழும்பிய இடத்தை மட்டும் மறுபடி ஒட்டினால் அடுத்த கோடையில் பக்கத்து வரிசை எழும்பும்.

16. ஏற்கெனவே ஒழுகுது. மேலே டைல்ஸ் போட்டா நின்னுடுமா?

நிற்காது; ஒழுகும் இடம் மறைந்துபோகும், அவ்வளவுதான். டைல்ஸ் நீர்த்தடுப்பு அல்ல. இடுக்கு வழியாக இறங்கும் நீர் அடிக்கலவையில் பயணம் செய்து, இறங்கிய இடத்திலிருந்து பத்தடி தள்ளிக் கீழே சொட்டும். அதன் பிறகு எங்கே உடைப்பது என்று யாருக்கும் தெரியாது.

முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் கழுத்து, தண்ணீர்த் தொட்டிக் குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடம். சுவர் மூலையில் அரசங்கன்று முளைத்திருந்தால் தேடவே வேண்டியதில்லை. வெடிப்பை வி வடிவில் கொத்தி அடைத்து, மூலைகளை உருட்டிப் பூசி, நீர்த்தடுப்புப் பூச்சைச் சுவரில் ஓரடி உயரம் வரை ஏற்றி அடிக்க வேண்டும். காய்ந்த பின் குழாய் வாயைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்து, ஓரிரு அங்குலத் தண்ணீரை இரண்டு நாள் நிறுத்திப் பாருங்கள். கீழே ஈரம் தெரியாவிட்டால் மட்டும் ஓட்டைப் பற்றிப் பேசலாம்.

17. மாடித்தோட்டம் வைக்கப்போறேன், சோலாரும் போடணும். எதை முதல்ல செய்யறது?

சோலார் தாங்கிகளைத் தளத்தில் போல்ட் அடித்துப் பொருத்துவதானால், அது முதலில். அதன் பிறகு நீர்த்தடுப்பு, கடைசியில் ஓடு. முடிந்த ஓட்டுத் தரையில் துளை போட்டால் பதினாறாவது விடையில் சொன்ன எல்லாவற்றையும் நீங்களே ஓட்டை போட்டுவிடுகிறீர்கள்.

தோட்டத்துக்கு ஓடு தடையில்லை, எடைதான் தடை. ஈர மண் ஒரு கன அடி ஐம்பது கிலோவை நெருங்கும். அதனால் மண்ணைக் குறைத்துத் தென்னைநார்க் கழிவையும் தொழுவுரத்தையும் கூட்டுங்கள். பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல் மேலோ சட்டத்தின் மேலோ வைத்தால் அடியில் காற்றோடும், ஓடு கறுக்காது, வாட்டமும் தடைப்படாது. பெரிய தொட்டிகளைச் சுவருக்கும் பீமுக்கும் நேர்மேலே வையுங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒரு டன் எடை என்பதால் அதற்கும் இதே விதி.

18. எந்த மாசத்துல வேலை வெச்சுக்கலாம்?

வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாவட்டங்களில் தை முதல் பங்குனி தொடக்கம் வரை. கத்திரி வெயிலில் போட்ட கலவை நீரை வேகமாக இழந்து வெடிக்கும். ஐப்பசியில் போட்டது கரைந்து ஓடும். எப்போது போட்டாலும் ஈரச்சாக்கு விரித்தோ பாத்தி கட்டியோ ஒரு வாரமாவது நீராற்ற வேண்டும். உப்பான போர்த் தண்ணீரைக் கலவைக்குப் பயன்படுத்தினால் ஓட்டிடுக்கில் வெள்ளையாக உப்புப் பூத்துக்கொண்டே இருக்கும்.

19. தாத்தா கட்டின மெட்ராஸ் டெரஸ் வீடு. அதுமேல கூலிங் டைல்ஸ் ஒட்டலாமா?

அவசரப்பட வேண்டாம். அந்தக் கூரையில் கம்பியும் கான்கிரீட்டும் இல்லை. மர விட்டங்களின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் சாய்த்து அடுக்கி, அதன் மேல் நான்காவது விடையில் விவரித்த ஜல்லித் தளமும் தட்டோடும் போட்டிருப்பார்கள். மழையில் கொஞ்சம் ஈரம் வாங்கி, வெயிலில் அதை வெளியே விட்டு வாழும் கூரை அது. மேலே சிமென்டும் பளபளப்பு டைல்ஸும் வைத்து மூடினால் உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியின்றி விட்டத்தின் நுனிக்குப் போகும். சுவருக்குள் செருகியிருக்கும் அந்த நுனிதான் முதலில் உளுத்துப்போகும். டைல்ஸின் எடை வேறு.

இங்கே மலிவான வழியே சரியான வழியும்கூட. பழைய ஓட்டிடுக்குகளைச் சுரண்டி, சிமென்டுக்குப் பதில் சுண்ணாம்பும் செங்கல் பொடியும் சேர்த்த கலவையால் அடையுங்கள். உடைந்த ஓட்டை மட்டும் மாற்றுங்கள். குழாய் வாயைச் சீராக்குங்கள். ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடியுங்கள். வேலை தொடங்கும் முன் கீழே ஏணி போட்டு, விட்டம் சுவரில் சேரும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பாருங்கள். தேக்கு கெட்டியாக இருந்தால் நுனி வழுக்கிவிடும். கால் அங்குலம் உள்ளே போனால், மாடித் தரைக்கு வைத்திருக்கும் பணத்தை விட்டத்துக்கு மாற்றிவிட்டு ஓர் அனுபவமுள்ள தச்சரைக் கூப்பிடுங்கள்.